நோயாளர் உள்ள வீட்டில் கழிவகற்றல்: பராமரிப்போர் அறிந்திருக்க வேண்டியவை

நீண்டகால நோயாளர் ஒருவர் வாழும் வீட்டில் குப்பைக் கூடையின் உள்ளடக்கமும் மாறிவிடுகிறது. மீன் செதில், மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை ஆகியவற்றுடன் இன்சுலின் ஊசி, இரத்தம் தோய்ந்த பஞ்சு, சிறுநீர்ப் பை, டயப்பர், பாதி உட்கொண்ட மாத்திரை அட்டை என்பனவும் சேர்கின்றன. வைத்தியசாலையில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறப் பைகளும் பெட்டிகளும் உண்டு. நோயாளர் வீடு திரும்பியதும் அனைத்தும் ஒரே பொலித்தீன் பைக்குள் சென்றுவிடுகின்றன. மருந்தை எத்தனை வேளை எடுக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பக் கூறி அனுப்பும் சுகாதாரத் துறையினராகிய நாங்கள், மருந்து முடிந்தபின் எஞ்சும் பொருளை என்ன செய்வது என்பதை விளக்குவதற்குப் பெரும்பாலும் நேரம் ஒதுக்குவதில்லை. அக்குறையை ஓரளவேனும் நிவர்த்தி செய்வதே இப்பக்கத்தின் நோக்கமாகும்.

இலங்கையில் வீட்டுக் கழிவுகளைச் சேகரித்து அகற்றும் பொறுப்பு மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய உள்ளூராட்சி நிறுவனங்களுக்கே சட்டப்படி உரியது. எனினும் நாட்டில் சேரும் குப்பை முழுவதும் அவற்றின் வண்டிகளில் ஏறுவதில்லை. பல கிராமங்களில் உழவு இயந்திரம் வாரத்துக்கு ஒரு முறை வரும். சில ஒழுங்கைகளுக்குள் அது நுழைவதே இல்லை. சேகரிக்கப்படும் குப்பையும் பல இடங்களில் திறந்த வெளியில்தான் குவிக்கப்படுகிறது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொலன்னாவையிலுள்ள மீதொட்டமுல்லை குப்பை மேடு சரிந்து வீடுகளின் மீது வீழ்ந்ததில் 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே, வாசலில் வைத்த பை கண்ணுக்கு மறைந்துவிட்டால் அதன் கதை முடிந்துவிட்டது என்று கருத வேண்டாம். அதை இன்னொருவர் கையால் தூக்குகிறார், வேறொருவர் கையால் தரம் பிரிக்கிறார்.

ஊசிகளும் கூர்மையான பொருட்களும்

முதலில் கவனிக்க வேண்டியது இதுவே. இன்சுலின் ஊசி, குருதிக் குளுக்கோசைப் பரிசோதிக்க விரலில் குத்தும் சிறு ஊசி, உடைந்த மருந்துக் குப்பி, சவர அலகு ஆகியவற்றைச் சாதாரணக் குப்பைப் பைக்குள் ஒருபோதும் இடாதீர்கள். பொலித்தீனை மட்டுமன்றி, சுத்திகரிப்புத் தொழிலாளர் அணியும் சாதாரண இறப்பர்க் கையுறையையும் ஊசி துளைத்துவிடும். குத்திய ஊசி யாருடையது என்பது அத்தொழிலாளருக்குத் தெரியாது. அடுத்து வரும் பல மாதங்களை அவர் குருதிப் பரிசோதனைகளுடனும் அச்சத்துடனும் கழிக்க நேரிடும். ஹெபடைடிஸ் பி வைரசு உலர்ந்த குருதியில் ஏழு நாட்கள் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. உங்கள் குடும்பத்தவருக்கு அத்தகைய தொற்று எதுவும் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஊசி குத்தியவர் அதை அறியமாட்டார்.

செய்ய வேண்டியது எளிது. திருகு மூடியுடைய தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். சலவைத் திரவம் அல்லது தரை கழுவும் திரவம் வந்த போத்தல் மிகப் பொருத்தமானது. தண்ணீர்ப் போத்தலும் குளிர்பானப் போத்தலும் மெல்லியவை. அழுத்தினால் நசுங்கும், ஊசி வெளியே வரும். கண்ணாடிப் போத்தல் உடையும். தெரிவுசெய்த போத்தலின் மீது “பாவித்த ஊசிகள், திறக்க வேண்டாம்” எனத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். ஊசியைப் பாவித்த மறுகணமே, மேசை மீது வைக்காமல், போத்தலுக்குள் இடுங்கள். இதற்காகப் போத்தல் ஊசி போடும் இடத்திலேயே, சிறுவருக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். சமையலறையில் ஊசியும் குளியலறையில் போத்தலுமாக இருந்தால் இவ்வழக்கம் ஒரு வாரம்கூட நிலைக்காது.

பிறருக்கு ஊசி போடும் பராமரிப்பாளர், பாவித்த ஊசிக்கு மீண்டும் மூடி போட முயலக் கூடாது. ஒரு கையில் மூடியையும் மறு கையில் ஊசியையும் பிடித்துப் பொருத்தும்போதே விரலில் குத்துகிறது. ஊசியை வளைப்பதும் உடைப்பதும் தேவையற்றவை. போத்தல் முக்கால் பங்கு நிரம்பியதும் மூடியை இறுக்கி, ஒட்டுநாடாவால் சுற்றி, அடுத்த கிளினிக் நாளில் எடுத்துச் செல்லுங்கள். வைத்தியசாலைகளில் கூர்மையான கழிவுகளுக்கெனச் சிவப்புக் கோடிட்ட மஞ்சள் நிறப் பெட்டிகள் உள்ளன. உங்கள் போத்தலை எங்கு, யாரிடம் ஒப்படைப்பது என்பதை நீரிழிவு கிளினிக்கின் தாதிய உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நடைமுறை இடத்துக்கு இடம் வேறுபடும். ஓரிடத்தில் ஏற்க மறுத்தால், போத்தலை வீதியோரத்தில் வைத்துவிட்டு வராமல், உங்கள் பிரிவின் பொது சுகாதாரப் பரிசோதகரை அணுகுங்கள்.

தவறுதலாக யாருக்கேனும் ஊசி குத்திவிட்டால், அவ்விடத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவ வேண்டும். காயத்தைப் பிதுக்குவதோ வாயால் உறிஞ்சுவதோ கூடாது. அன்றைய தினமே வைத்தியசாலைக்குச் செல்வது அவசியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கினாலேயே பயன் உண்டு. முதல் சில மணித்தியாலங்களிலேயே தொடங்குவது மேலும் சிறந்தது. அம்மருந்து தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். வீட்டிலிருந்து நீங்கள் தீர்மானிக்க வேண்டாம்.

கட்டுத்துணி, டயப்பர், பைகள்

புண்ணுக்குக் கட்டிய துணி, பஞ்சு, பாவித்த கையுறை ஆகியவற்றை ஒரு பையில் இட்டு முடிச்சிட்டு, அதை இன்னொரு பைக்குள் இட்டு மீண்டும் முடிச்சிடுங்கள். நாய், பூனை, காகம் கிழிக்காதவாறு மூடியுள்ள வாளியில் வைத்து, வண்டி வரும் நாளன்று காலையிலேயே வெளியே வையுங்கள். முதல் நாள் இரவே வைக்கும் பைதான் காலையில் வீதி முழுவதும் சிதறிக் கிடக்கிறது.

முதியோருக்கான டயப்பரைப் பொறுத்தவரை, மலத்தை முதலில் மலசலகூடத்தில் தட்டிக் கொட்டிவிட்டு, டயப்பரை உட்புறமாகச் சுருட்டி இரட்டைப் பையில் இடுங்கள். டயப்பரையே மலசலகூடத்தினுள் போட்டால் குழாய் அடைபடும். உட்புறமுள்ள உறிஞ்சும் பொருள் நீரில் கரைவதில்லை, ஊதிப் பெருக்கும். சிறுநீர்ப் பையையும் வயிற்றில் பொருத்தும் மலப் பையையும் இவ்வாறே வெறுமையாக்கிய பின்னரே குப்பையில் இட வேண்டும். வீட்டிலேயே வயிற்றறை வழியான குருதிச் சுத்திகரிப்பு மேற்கொள்ளும் சிறுநீரக நோயாளர் வீடுகளில், நாளொன்றுக்கு மூன்று நான்கு பெரிய பைகள் சேர்கின்றன. வெளியேறிய திரவத்தை மலசலகூடத்தில் ஊற்றி, பையை மடித்துக் கட்டுங்கள். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வண்டி வரும் பகுதியாயின், இக்குடும்பத்தின் நிலையைப் பிரதேச சபைக்கு எழுத்தில் அறிவிப்பது நன்று. அயலவரைவிடப் பல மடங்கு கழிவு சேரும் வீடு அது என்பதை உழவு இயந்திரச் சாரதி தாமாக அறிய முடியாது.

புற்றுநோய்க்கான மருந்தேற்றல் பெற்று மகரகமவிலிருந்தோ தெல்லிப்பழையிலிருந்தோ வீடு திரும்பியவரின் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்தின் எச்சம் சில நாட்கள் இருக்கும். பொதுவாக 48 மணித்தியாலங்கள் வரை எச்சரிக்கை தேவை. சில மருந்துகளுக்கு இக்காலம் நீளும் என்பதால் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். அக்காலத்தில் அவருடைய டயப்பரையும் வாந்திப் பாத்திரத்தையும் கையுறை அணிந்தே கையாள வேண்டும். கருவுற்ற பெண்கள் இப்பணியைச் செய்யலாகாது.

எஞ்சிய மருந்துகள்

இறந்த பெற்றோரின் மருந்துப் பெட்டியை எறிய மனமின்றி ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகள் பல. அந்த மனநிலை புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் அப்பெட்டியில் உள்ள இதய நோய் மாத்திரைகளும் நீரிழிவு மாத்திரைகளும், ஒரு குழந்தை இனிப்பென நினைத்து ஒன்றிரண்டை விழுங்கினாலும் உயிராபத்தை விளைவிக்கக்கூடியவை. எஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை அடுத்த காய்ச்சலுக்கென வைத்திருப்பதும், அயலவருக்குக் கொடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

மாத்திரைகளை மலசலகூடத்திலோ கிணற்றடி வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் குடிநீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடாகக் கிடைக்கும் நிலத்தடி நீராகும். மட்டக்களப்புக் கரையோரத்தில் அது மணலுக்குக் கீழே சில அடி ஆழத்தில் உள்ளது. இவ்விரு நிலங்களிலும் மேலே ஊற்றுவது விரைவில் கீழே சென்றடையும். மருந்தை வழங்கிய கிளினிக்கோ மருந்தகமோ மீளப் பெற்றுக்கொள்ளுமாயின் அங்கு ஒப்படையுங்கள். அவ்வசதி இல்லாதபோது, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, ஈரத் தேயிலைச் சக்கை அல்லது மண்ணுடன் கலந்து, மூடியுள்ள பாத்திரத்தில் அடைத்துக் குப்பை வண்டிக்குக் கொடுக்கலாம். இவ்வாறு கலந்தால் குழந்தையோ விலங்கோ அதை உண்ண முற்படாது. எவரும் பொறுக்கியெடுத்து விற்கவும் முடியாது. கிளினிக் இலக்கமும் பெயரும் எழுதிய உறையைக் கிழித்துவிடுங்கள்.

ஆஸ்துமாவுக்குப் பாவிக்கும் அழுத்தக் குப்பி காலியான பின்னரும் அதனுள் அழுத்த வாயு எஞ்சியிருக்கும். அதைத் துளைப்பதும் நெருப்பில் இடுவதும் வெடிப்பை ஏற்படுத்தும். குளுக்கோமானியிலும் செவிப்புலன் கருவியிலும் உள்ள பொத்தான் வடிவ மின்கலம் இன்னும் ஆபத்தானது. அதைக் குழந்தை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணித்தியாலங்களுக்குள்ளேயே கடுமையான எரிகாயம் உண்டாகலாம். குழந்தை நலமாக விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தில் அம்பியூலன்ஸ் சேவையை இலவசமாக அழைக்கலாம். பழைய மின்கலத்தின் இரு பக்கத்தையும் ஒட்டுநாடாவால் மூடிவைப்பது, அது கைமாறும் வரை சிறந்த பாதுகாப்பு.

பாதரச வெப்பமானி உடைந்துவிட்டால் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். பாதரசம் சிறு துளிகளாகச் சிதறி, ஆவியாகி, சுவாசத்துடன் உட்செல்லும். யன்னல்களைத் திறந்து, குழந்தைகளை வெளியேற்றி, தடித்த இரு காகித அட்டைகளால் துளிகளை ஒன்றுசேர்த்து, சிறிது நீருள்ள மூடிய போத்தலில் இட்டு வைத்தியசாலையில் ஆலோசனை பெறுங்கள்.

எரிப்பது பற்றி

மாலையில் முற்றத்தைக் கூட்டி, சருகைக் குவித்து நெருப்பு வைப்பது நம் ஊர்களில் தலைமுறைகளாக இருந்து வரும் வழக்கம். இவ்வழக்கத்தை விடச் சொல்வது எளிதன்று என்பதை அறிவோம். புகை கொசுவை விரட்டும் என்ற நம்பிக்கையும் அதனுடன் சேர்ந்துள்ளது. ஆனால் அன்று எரிந்தது மாவிலையும் தென்னோலையும். இன்று அக்குவியலில் பால்மாப் பையும், பிஸ்கட் உறையும், யோகட் கோப்பையும் உள்ளன. நோயாளர் வீடாயின் குழாய்களும் மருந்துப் பைகளும் சேர்கின்றன. இவற்றில் பல பி.வி.சி. எனும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. பி.வி.சி. முற்றத்து நெருப்பின் குறைந்த வெப்பத்தில் எரியும்போது, டயொக்சின் எனப்படும் நச்சுப் பொருட்கள் உருவாகின்றன. அவை புகையில் மட்டுமன்றிச் சாம்பலிலும் தங்குகின்றன. அச்சாம்பலைத் தென்னைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் இடும்போதும், கோழிகள் அம்மண்ணைக் கிளறி மேயும்போதும் அவை உணவுக்குள் வந்துசேர்கின்றன.

நோயாளருக்கு ஏற்படும் தீங்கு இதைவிட உடனடியானது. புகையிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்கின்றன. அவற்றுள் சில குருதியிலும் கலக்கின்றன. ஆஸ்துமாவும் நாட்பட்ட நுரையீரல் நோயும் உள்ளவருக்கு அன்றிரவே மூச்சுத்திணறல் கூடலாம். இதய நோயாளருக்கு நெஞ்சு வலியைத் தூண்டலாம். இரவில் அம்மாவுக்கு இழுப்புக் கூடுகிறது, மருந்து வேலை செய்யவில்லை எனக் கிளினிக்கில் கூறுவோர், மாலையில் வளவிலோ அயல் வளவிலோ எரித்தார்களா என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். 2017 செப்டெம்பரில் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட வர்த்தமானி அறிவித்தல், பிளாஸ்டிக் உள்ளிட்ட குப்பைகளைத் திறந்த வெளியில் எரிப்பதைத் தடைசெய்துள்ளது. அயலவருடன் பேசும்போது சட்டத்தை முன்வைப்பதைக் காட்டிலும், உள்ளே படுத்திருப்பவரின் நிலையைக் கூறுவது கூடுதலான பயனைத் தரும்.

வளவில் தேங்கும் நீரும் எலியும்

2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்குத் தொற்றுக்கு ஆளானதாகப் பதிவாகியது. டெங்கு நுளம்பு தேடுவது குளத்தையோ வயலையோ அன்று. வளவில் எறிந்த யோகட் கோப்பை, சிரட்டை, இளநீர்க் கோம்பை, தயிர்ச் சட்டி, பழைய ரயர், சுருங்கிக் கிடக்கும் பொலித்தீன் ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு தெளிந்த நீரையே அது நாடுகிறது. முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி வளவைச் சுற்றிப் பார்த்தாலே அதன் வாழ்க்கைச் சுற்றை முறித்துவிடலாம். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிருடன் இருப்பதால், தேய்த்துக் கழுவ வேண்டும். நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவருக்கு டெங்கு ஏற்பட்டால் சிகிச்சை மேலும் சிக்கலாகும் என்பதால், இது உங்கள் வீட்டுக்கு இரட்டிப்பு முக்கியம்.

உணவுக் கழிவு திறந்து கிடந்தால் எலி வரும். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலும் நீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி உண்டு. பாத வெடிப்பினூடாகவும் காயத்தினூடாகவும் அது உடலுள் நுழையும். நீரிழிவால் பாத உணர்வு குன்றியவர், தமது காலில் காயம் இருப்பதையே அறியாமல் கொல்லைப்புறத்தில் வெறுங்காலுடன் நடப்பார். குப்பைக் குழியருகே செல்லும்போது செருப்பு அணியச் சொல்லுங்கள்.

கூட்டெரு: யார் செய்யலாம், யார் தவிர்க்க வேண்டும்

நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடியது. அதை வீட்டிலேயே கூட்டெருவாக்கினால் எஞ்சும் பையும் சிறிதாகும், நாற்றமும் எலியும் குறையும். அடியில்லாத பீப்பாயில் ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு உலர்ந்த சருகு என்ற அளவில் மாறிமாறி இட்டு, வாரம் ஒருமுறை கிளறி வந்தால் சுமார் மூன்று மாதத்தில் எரு கிடைக்கும். நாற்றமடித்தால் ஈரம் அதிகம், சருகு சேருங்கள். மீன், இறைச்சி, எண்ணெய் ஆகியவற்றை இட வேண்டாம். கட்டுத்துணி, டயப்பர், மருந்து எதுவும் இதற்குள் வரக் கூடாது.

எனினும் ஒரு விதிவிலக்கு உண்டு. உக்கும் குவியலில் அஸ்பர்ஜிலஸ் என்னும் பூஞ்சணம் இயல்பாக வளர்கிறது. கிளறும்போது அதன் வித்துகள் காற்றில் எழுகின்றன. நலமுள்ளவருக்கு அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. சிறுநீரகம் மாற்றப்பட்டவர், புற்றுநோய் மருந்தேற்றல் பெறுபவர், நீண்டநாள் ஸ்டீரொயிட் மாத்திரை எடுப்பவர் ஆகியோருக்கு அது நுரையீரலில் கடுமையான தொற்றை உண்டாக்கலாம். கடும் ஆஸ்துமா உள்ளவருக்கும் அது உகந்ததன்று. பொழுதுபோக்காகத் தோட்ட வேலை செய்யும்படி நோயாளரை ஊக்குவிப்பது நல்லதே. ஆனால் பீப்பாயைக் கிளறும் பணி வேறொருவருடையதாக இருக்கட்டும், பீப்பாயும் நோயாளரின் யன்னலிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

வண்டி வராத இடங்களில்

இது பலருடைய உண்மையான நிலை. அங்கும் ஊசியும் மருந்தும் கிளினிக்குடன் திரும்பிச் செல்லலாம். உக்குவது பீப்பாய்க்குள் போகலாம். கழுவி உலர்த்திய பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் ஆகியன மாதக்கணக்கில் சாக்கில் காத்திருக்கலாம், பழைய பொருள் வாங்குபவரும் வருவார். டயப்பரும் கட்டுத்துணியும்தான் இறுதியில் எஞ்சும். அவற்றைப் புதைப்பதற்குக் கிணற்றிலிருந்து போதிய தொலைவும், மாரியிலும் நீர்மட்டத்துக்கு மேலாக நிற்கும் குழியும் வேண்டும். நெருக்கமான வளவுகளில் இவ்விரண்டும் ஒருசேர வாய்ப்பது அரிது. குழி வெட்டுமுன் பொது சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். அவரைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சந்திக்கலாம். செல்லும்போது நோயாளரின் கிளினிக் புத்தகத்தையும், வாரத்துக்கு எத்தனை டயப்பர், எத்தனை பை சேர்கிறது என்ற குறிப்பையும் கொண்டு செல்லுங்கள். பிரதேச சபையிடம் வண்டி கேட்டு எழுதும் கடிதத்திலும் இதே எண்ணிக்கையைக் குறிப்பிட்டு, அதன் பிரதி ஒன்றைப் பணிமனையில் கொடுத்துத் திகதி முத்திரை பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.